டீசல் வண்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

என் காரில் எலுமிச்சம்பழம் ஏற்ற மாட்டேன். ஐம்பது வயதைத் தாண்டி, அலமாரி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு, ராகுகாலம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதுகிறவன் வெளியே சொல்லிக்கொள்ளும் விஷயமல்ல இது. போன மாதம் என் மனைவி சந்தையில் அரை டஜன் பழம் வாங்கிவிட்டாள். பழத்துக்கு ஒரு ஆட்டோ பிடித்து, துணைக்கு அவளையும் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் மட்டும் காரில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை. எலுமிச்சை வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொல்லிவைத்திருக்கிறேன். தினமும் இரண்டு டம்ளர் ஜூஸ் குடிப்பவன் சொல்வதால் யாரும் நம்புவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. அப்பாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. கல்லுப்பட்டி சாலையோரத்தில் இருந்த எங்கள் ஊரில் அது ஒன்றுதான் கார். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்குப் போகும். பெட்ரோல் விலை ஏற ஏற, அந்த இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவதென்று அப்பா முடிவு செய்தார். அப்போது பலரும் செய்துகொண்டிருந்த காரியம்தான். பெரியப்பா மட்டும் ஒப்பவில்லை. அப்பாவுக்கு ஒரே அண்ணன், அடுத்த வீடு. தம்பி எதைத் தொட்டாலும் கேலி பேசுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர். "காருக்குப் பம்புசெட் இன்ஜினாடா? நல்லதுதான். போற வழியில நாலு பேரு வயலுக்குத் தண்ணி பாச்சிட்டுப் போகலாம்" என்றார்.

வில்லாபுரத்தில் ஒரு பட்டறையில் இரண்டு வாரம் கிடந்துவிட்டு வண்டி வந்தது. பட்டறை ஆள் ஒருவன் ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ இழுத்தான், நின்றது. மறுபடி உள்ளே தள்ளினான். "அண்ணே, இத நிறுத்துறதுக்கு..." என்று ஆரம்பித்தவனை அப்பா முடிக்க விடவில்லை.

"தெரியும் தம்பி. பதினஞ்சு வருசமா வண்டி ஓட்டுறேன்."

டீ வாங்கிக் கொடுத்து அவனைக் கையோடு பஸ் ஏற்றிவிட்டார். தெரியாது, முடியாது என்று சொல்வது எங்கள் வீட்டு ஆண்களுக்கு வராது. எட்டு வயதில் எனக்கும் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூஜை வைப்பதாக இருந்தது. ஏழு மணிக்கே அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தையும் நாலு மிளகாயையும் கறுப்புக் கயிற்றில் கோத்து, வண்டிக்குள் கண்ணாடியில் கட்டிவிட்டு வா என்று என்னிடம் கொடுத்தாள். கண்ணாடி எனக்கு எட்டவில்லை. சீட்டில் ஏறினால் எட்டும்; ஆனால் புது உறை, மிதித்தால் அடி விழும். எட்டவில்லை என்று போய்ச் சொல்லவும் மனமில்லை. வேறு இடம் தேடினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே கறுப்பாக, வண்டு உட்கார்ந்த மாதிரி, ஒரு குமிழ். கயிறு கட்ட அதற்குக் கழுத்து இல்லை. பிடித்து இழுத்தேன். எனக்காகவே காத்திருந்ததுபோல ஒரு விரல்நீளம் கழுத்து நீண்டது. அதில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். பழம் அழகாகத் தொங்கியது. அம்மா வந்து பார்த்து, இதுவும் நல்லாத்தான் இருக்கு என்றாள்.

ஏழரை மணிக்குப் பெரியம்மா ஓடிவந்தாள். பெரியப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது, சட்டை நனைய வேர்க்கிறது. "வாயுதான், இவ ஊரைக் கூட்டுறா" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் நடந்துவந்தார். முகம் சாம்பல் பூசியதுபோல இருந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டியதுதான் என்று அப்பா அவரைப் பின்சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார். பக்கத்தில் என்னை உட்காரவைத்துக் கையில் விசிறியைக் கொடுத்தார்கள். அப்பா சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை.

"என்னப்பா, ரயிலு கெளம்பிருச்சா?" என்றார் பெரியப்பா, கண்ணை மூடியபடி.

"இந்தா ஆயிருச்சுண்ணே."

பம்புசெட் ரிப்பேர் பார்ப்பவரைக் கூட்டிவந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் கிணற்றோரம் நின்றுபோன இன்ஜினையெல்லாம் ஓட வைத்தவர் அவர். பானெட்டைத் திறந்து முறையாகத்தான் ஆரம்பித்தார். டேங்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தார், இருந்தது. ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்தார். முதலில் நுரை வந்தது. பிறகு சுத்தமான டீசல். "ஏர் போயிருச்சு, அடிங்க மாப்ள" என்றார். அப்பா சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. அவர் பின்னால் போய்ச் சைலன்ஸர் வாயில் கையை வைத்துப் பார்த்தார்.

"பொகைகூட வரலையே. பொகை வந்தாலாவது எண்ணெ உள்ள போகுதுன்னு சொல்லலாம்."

நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். இன்ஜின் சுற்றும்போது அங்கே டீசல் துளித்துளியாகப் பீச்ச வேண்டும். நாலும் காய்ந்து கிடந்தன. பம்ப் வரைக்கும் எண்ணெய் வருகிறது, பம்பைத் தாண்டி வரவில்லை. அதுவரை அவர் கண்டுபிடித்தது அத்தனையும் சரி. ஆனால் அவர் பார்த்த எந்த இன்ஜினுக்கும் டேஷ்போர்டு கிடையாது. அதனால் காருக்குள் தலையை நீட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. பம்ப்புக்குள்தான் காற்று பிடித்திருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மதுரை பஸ் வந்தது. எங்களைப் பார்த்துத் தானாகவே வேகம் குறைந்தது. கண்டக்டர் படியிலிருந்து, "வாரீகளா?" என்று கேட்டார். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். அப்பா, "பஸ்ல உக்காந்து வரமுடியாதுண்ணே. இன்னும் அஞ்சு நிமிசம்" என்றார். பஸ் போய்விட்டது.

"அஞ்சு நிமிசத்துல எத்தனை வயலுக்குடா பாச்சுவ?" என்றார் பெரியப்பா. பம்புசெட்காரரும் சிரித்தார்.

பேட்டரி தளர்ந்தது. ஆறேழு பேர் சேர்ந்து தள்ளினார்கள். பெரியப்பாவும் நானும் உள்ளே இருக்க, வண்டி மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்பி வந்தது. உள்ளே இருந்த எனக்கு அது ஊர்கோலம் மாதிரி இருந்தது. அடுத்த பஸ்ஸும் வந்தது. இந்த முறை கண்டக்டர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பஸ் போன பிறகு பெரியப்பா ஏதாவது சொல்வார் என்று எல்லோருமே ஒரு நிமிடம் காத்திருந்ததுபோல இருந்தது. அவர், "வரட்டும்டா, மெதுவா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம்தான் அப்பா ரைஸ்மில்லுக்குப் போய் வில்லாபுரத்துக்குப் போன் போட்டார்.

நான் விசிறிக்கொண்டிருந்தேன். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது பெரியப்பாவை அல்ல, என் எலுமிச்சம்பழத்தை. சாவியைத் திருப்பும்போதெல்லாம் அது ஆடியது. மற்றதெல்லாம் கோளாறாகிக் கிடக்கும் வண்டியில் என் வேலை மட்டும் ஒழுங்காக இருப்பதில் எனக்குப் பெருமை. பெரியப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து, தொந்தரவாக இருக்கக் கூடாதென்று விசிறுவதையும் நிறுத்தினேன்.

பட்டறை மெக்கானிக் மோட்டார் சைக்கிளில், வேறொரு பேட்டரியை மடியில் கட்டிக்கொண்டு வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது. பேட்டரியை மாற்றினார். தளர்த்தியிருந்த நட்டுகளை முடுக்கினார். பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றார். பழத்தைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்துக் கயிற்றை அறுத்து, குமிழை உள்ளே தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினார். இரண்டு சுற்று சுற்றிப் பெரிய கரும்புகையோடு இன்ஜின் பிடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"என்ன கோளாறு?" என்று கேட்டார் அப்பா.

"ஏர் லாக்குண்ணே. கெளம்புங்க சீக்கிரம்."

கயிறும் பழமும் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டன. அதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா என்னை இறக்கிவிட்டு, என் இடத்தில் பெரியம்மாவை உட்காரவைத்தாள். வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது. பசுமலை தாண்டும்போது பெரியம்மா அப்பாவின் தோளைத் தட்டி, "திருப்புங்க கொழுந்தனாரே, போதும்" என்றாளாம்.

வீடு முழுக்க அழுதபோது நானும் அழுதேன். ஒருவர் என் பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார், யாருமே அவரைக் கேட்கவில்லை என்பதும் அந்த அழுகையில் பாதி.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். டிரைவர் வண்டியை நிறுத்தக் கறுப்புக் குமிழ் ஒன்றை இழுத்தார். இழுத்தால் பம்ப்பிலிருந்து டீசல் போகாது, இன்ஜின் நின்றுவிடும் என்று நான் கேட்காமலேயே விளக்கினார். நான் இறங்கிப்போய்ச் சாலையோரத்தில் வாந்தி எடுத்தேன். இட்லி சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் காலமும் முடிந்துவிட்டது. அந்த ஆட்டோ விவகாரத்துக்குப் பிறகு, போன வாரம்தான் துணிச்சல் வந்து பெரியம்மாவிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குமிழ், கயிறு, மூன்று முடிச்சு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என் குரல் தழுதழுத்தது. அது கொஞ்சம் எனக்கே பிடித்துமிருந்தது.

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு பஸ்ஸு நின்னு கேட்டுட்டுப் போச்சுடா. கையைக் காட்டிறாத, தம்பி மொகம் சுண்டிப்போகும்னு உங்க பெரியப்பா கண்ணைக் காட்டுனாரு. நானும் சரின்னு நின்னேன். இதுல நீயி உன் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக்கிட்டு வாரியாக்கும்" என்றாள். பிறகு ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "சின்னதுலருந்தே ஒனக்கு, எல்லாம் ஒன்னாலதான் நடக்குதுன்னு ஒரு நெனப்பு."