ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பொய்

"அச்சடிச்சே போட்டிருக்காங்க, பொய்யாவா இருக்கும் டீச்சர்?" என்று போன மாதம் கேட்டார், சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் என் பக்கத்து வீட்டு சாந்தி. 'நீரிழிவைக் குணமாக்கும்' என்றது சத்துமாவுப் பொட்டலம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர், இப்போது மருத்துவமனையில் கிடக்கிறார்.

இன்று லிட்டில் இந்தியாவில் அவர் அதை வாங்கிய கடைக்கே போனேன். அந்த வாசகத்தை நீக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்துவிட்டதாம். கடைக்காரர் அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதத்தான் கூடாதாம் டீச்சர், சொல்லலாம் லா. சுகருக்கு நல்லா கேக்கும், எடுத்துக்குங்க!"

"இதைச் சாப்பிட்டவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க, தம்பி. அதுக்கு மேல எதை ஒட்டுவீங்க?"

அவர் அடுத்த பொட்டலத்தை எடுத்தார்.

கோபத்தோடு ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். சேர்மானப் பட்டியலில் அதிகம் சேர்த்ததைத்தான் முதலில் எழுதுவார்கள். முதலில் இருந்தது சர்க்கரை!

உங்கள் வீட்டுச் சத்துமாவைத் திருப்பி, முதலில் இருப்பது என்னவென்று பார்த்துக் கீழே எழுதுங்கள்.