முயல் மசாலும் ஒரு மூட்டைப் புழுக்கையும்

எங்கள் ஆத்தூர்ப் பக்கம் மாசி பிறந்துவிட்டால் என் ஆடுகளுக்குத் தீவனம் தேடி நாய் படாத பாடு படுவேன். கம்மாபுரம் அருகே அமலோற்பவம் என்ற பெண்மணியின் மானாவாரிக் காட்டில், எப்போதோ ஒரு தடவை விதைத்த முயல் மசால் என்ற தீவனச் செடி இன்னும் மேய்ச்சலுக்கு நிற்கிறது என்று நண்பர் சொன்னார். தண்ணீர் இல்லை, உரம் இல்லை, மறுவிதைப்பும் இல்லையாம். கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். போன மாசியில் நேரிலேயே பார்க்கக் கிளம்பினேன். விருத்தாசலம் வரை போகிறவர் பீங்கான் ஊறுகாய் ஜாடி இல்லாமல் வரக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

ரயிலில் விருத்தாசலம், ஜாடிக்கடை, பிறகு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடு தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அமலோற்பவத்தின் காட்டில் மட்டும் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே மூன்று மூன்று இலையாக, உதிர்ந்தது போக மிஞ்சிய சின்ன மஞ்சள் பூவோடு மசால் படர்ந்திருந்தது. அவருடைய செம்மறிகள் தலை நிமிராமல் மேய்ந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

முதலில் அவரும் கணவரும் ஆசை ஆசையாக வேலி போட்டு, ஆடு வாய் வைக்காமல் பொத்திப் பொத்தி வைத்தார்களாம். புல் இடுப்புயரம் வளர்ந்து மசாலை மூடிவிட்டது. பாதிச் செடி செத்த பிறகுதான் ஆட்டை விட்டிருக்கிறார்கள். புல் குட்டையானதும் மசால் எழுந்துகொண்டது. இப்போது மழைக்காலத் தொடக்கத்தில் மேய்ச்சல். பூத்துக் காய்த்து விதை உதிரும்வரை படல் சாத்திவிடுவார்; உதிர்ந்த பிறகு மறுபடி மேய்ச்சல். பழைய செடி போனாலும் உதிர்ந்த விதை முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

விதை விலைக்குக் கேட்டேன். அவர் மண்மேட்டைப் பார்த்தபடி சொன்னார்: "சொரங்கத்துக்கு நெலத்த எடுக்கப் போறாங்கன்னு பேச்சு இருக்குதுங்க. எடுத்தா பணம் குடுப்பாங்க. இந்த மேய்ச்சல யாரு குடுப்பாங்க?"

அவர் பட்டிக்குள் போய் ஒரு மூட்டை ஆட்டுப் புழுக்கையைக் கட்டி என் முன்னால் வைத்தார். ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்த விதைக்குத் தோல் இளகி, சீக்கிரம் முளைக்குமாம். பார்க்க வருகிற எல்லாருக்கும் இதைத்தான் தருகிறாராம். காசு வாங்கவில்லை.

"மொளைச்சா போன் பண்ணுங்க. இங்க இல்லாட்டியும் எங்கியோ இருக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

திரும்பும் பஸ்ஸில் மூட்டைக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்க, சொன்னேன். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில் போங்கள், அப்போதுதான் அந்தப் பச்சையின் அருமை தெரியும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். காலி சாக்கு ஒன்று கொண்டுபோங்கள். விதைத்த முதல் வருடம் காடு ஏமாற்றமாகத்தான் தெரியும்; அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள்.

புழுக்கையை என் காட்டில் தூவினேன்; ஐப்பசி மழைக்கு முளைத்தது. புல்லும் கூடவே மளமளவென்று வந்தது. செடிகள் பிடித்துக்கொண்டதும் அமலோற்பவத்துக்குப் போன் செய்து, வேலி போட்டு ஒரு ஆடுகூட நுழையாமல் காக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு சொன்னார்: "பொத்தி வைக்காதீங்க. ஆட்ட உள்ள வுடுங்க."