துணிக்கழுதையின் இடது காது

புத்தகக் கடையில் பார்சல் கட்டுகிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ரேடியோதான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தொடங்குகிற பேச்சு, பூட்டைத் தொங்கவிடும்வரை ஓயாது. டேப்பைப் பல்லால் கடித்தபடியும் பேசுவார். ஒரு புத்தகம் வாங்க வந்து, அவர் கதையில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டவர்கள் உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தினமும் ஒரே படக்கதையைப் படித்துக்காட்டுவார். வாயே திறக்காத ஒரு துணிக்கழுதையின் கதை. யாரிடமும் சொல்ல முடியாததைக் குழந்தைகள் அதன் இடது காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அட்டை மடங்கிய பிரதி என்று முதலாளியம்மா சும்மா கொடுத்தது. கழுதையைப் பரணில் ஏற்றும் பக்கம் வந்தால் போதும், தான் ஏணியிலிருந்து விழுந்த கதைக்குத் தாவிவிடுவார். கடைசிப் பக்கத்தை அவர் வாயால் மகள் கேட்டதே இல்லை. பிறகு அவளே புத்தகத்தை மூக்கு இடிக்கப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

"கழுதைக்கு முத்தம் குடுக்குறா பாரு" என்று மனைவியிடம் சொல்லிப் பூரித்துப்போவார்.

அந்த மகளுக்குக் கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடம் என்றாலே முகம் சுண்டிப்போகிறது. போர்டில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதிவந்தாள். இப்படியே போனால் மறுபடியும் இதே வகுப்புதான் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். ஏன் என்று கேட்டார் ரேடியோ. அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய சொந்தப் பள்ளிக்கூடக் கதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் குழந்தைகளுக்கு அதே கதையை வாசிக்க ஏற்பாடு. கழுதை வேஷம் கட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல். முதலாளியம்மா சாம்பல் நிற உடுப்பை இவர் கையில் திணித்தார்.

"கழுதை பேசாதுண்ணே. ஞாபகம் இருக்கட்டும்."

மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"உங்களுக்கு எதுக்கு வேஷம்? அப்படியே போய் நில்லுங்களேன்."

"நீ கிண்டல் பண்ணு. புள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாத."

உள்ளே புழுக்கம். வாய் இருக்கும் இடத்தில் ஒரு வலை, அதுதான் ஜன்னல். ஒருத்தன் வாலை இழுத்தான், ஒருத்தி வயிற்றில் குத்தினாள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது, எல்லாவற்றையும் விழுங்கினார். முதலாளியம்மா வாசித்து முடித்ததும் குழந்தைகள் இடது காதில் சொல்ல வரிசையில் நின்றார்கள். மனைவி கொண்டுவந்து விட்டிருந்த மகளும் அதில் நின்றாள். அவள் முறை வந்தது.

"போர்டுல எழுதுறது எனக்குத் தெரியல. எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்றாள் மெதுவாக. "எங்கப்பாகிட்ட சொல்லலாம்னுதான் பாக்குறேன். அவரு நல்லவரு. ஆனா பேசி முடிக்கவே மாட்டாரு."

தொண்டைவரை வந்ததை அவர் அங்கேயே நிறுத்தினார். பெரிய துணித்தலை மட்டும் ஒரு தரம் ஆடியது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்கு ஸ்டேஷன் எடுக்கலையா?"

அவர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகத்தைத் திறந்தார். பரண் பக்கம் வந்தது. புரட்டினார்.

"ஏணிக் கதை இல்லையாப்பா?"

"அது எங்க போயிடப் போகுது."

கடைசிப் பக்கத்தைப் படித்து மூடினார். மின்விசிறி சுற்றும் சத்தம் அந்த வீட்டில் அவ்வளவு நேரம் கேட்டதே இல்லை. நாக்கு நமநமத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அப்பா."

"ம்."

"போர்டுல இருக்கிறது..."

"ம்."

எறும்புவரை எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தி, அவர் ஆரம்பிக்கப்போகிறாரா என்று பார்த்தாள். அவர் ஆரம்பிக்கவில்லை.

"நாளைக்குக் கண்ணு டாக்டர்கிட்ட போலாம், கண்ணு," என்றார், அவள் முடித்த பிறகு.

தலையாட்டியவள் எட்டி அவர் காதோரத்து முடியிலிருந்து எதையோ எடுத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு துளிப் பஞ்சு. மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, கழுதையின் இடது காதருகே அதை வைத்து மூடினாள்.