ஆய்வகம்: உண்டு

ஜனக்புரியிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நஜஃப்கர் வரை மெட்ரோ, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, கடைசியில் கடுகு வயலை ஒட்டிப் பத்து நிமிட நடை. முகவரியில் டெல்லி என்றுதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஹரியானா.

நான் அங்கே அறிவியல் ஆசிரியை. சேர்ந்த மூன்றாம் மாதமே வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். அதற்குப் பிறகு எதிலும் மனம் நிற்கவில்லை. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஆர்டர் வந்திருக்கிறதா என்று போனைப் பார்ப்பேன். மத்தியானம் கணவர் கூப்பிடுவார்.

"ஆர்டர் வந்துடுச்சா?"

"இல்ல."

"சரி, நாளைக்குப் பாப்போம்."

அந்த நாட்களில்தான் பிரின்சிபல் மேடம் பள்ளியின் இணையதளத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். பள்ளியின் வரலாறும் வசதிகளும். "உங்களோடது பரீட்சை எழுதிக் கத்துக்கிட்ட இந்தி. தப்பு வராது" என்றார். பாராட்டினாரா என்று தெரியவில்லை. வசதிகளுக்குப் பழைய பட்டியல் ஒன்றையும் கையில் கொடுத்தார். நூலகம் உண்டு. மைதானம் உண்டு. ஆய்வகம் உண்டு.

ஆய்வகத்தை நான் பார்த்ததே இல்லை. வராந்தாவின் கோடியில் எப்போதும் பூட்டிக் கிடந்த அறைதான் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. பியூன் வந்து திறந்துவிட்டார். அந்த ஊர்ப் பெண்தான், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்ற பொருளில் தீதி என்று கூப்பிடுவோம்.

உள்ளே உடைந்த பெஞ்சுகள் கூரையைத் தொட்டன. பின்னால் ஒரு கல்மேசை, தண்ணீர் வராத குழாய், மரப்பெட்டியில் இரண்டு மைக்ராஸ்கோப்.

"இதை எப்படி தீதி எழுதறது?"

"உண்டுன்னு எழுதுங்க மேடம்ஜி. இருக்குதானே."

பிறகு அவரே பேச ஆரம்பித்தார். முன்பு இங்கே எட்டாவது வரைதான். அதற்கு மேல் படிக்க அடுத்த ஊருக்குப் போகவேண்டும். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. ஒன்பதாவது தொடங்கியபோது கட்டடம் இல்லை. ஊர்ச் சாவடியில் வகுப்பு.

"ஆம்பளைங்க ஹூக்காவைத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்குப் போனாங்க. ஒன்பது பொண்ணுங்க உக்காந்தோம். பத்தாவதுல நாலு பேர்தான். எனக்கு சயின்ஸ்ல போச்சு. மறுபடி எழுத விடல, கல்யாணம் பண்ணிட்டாங்க." பெட்டியைக் காட்டினார். "இது அப்பவே வந்தது. மாஸ்டர்ஜி திறந்து காட்டினார். தொட விடல."

அதையெல்லாம் எழுதினேன். வசதிகளில், 'ஆய்வகம்: ஒரு அறை. தண்ணீர் இல்லை. பயன்பாட்டில் இல்லை' என்று எழுதினேன். பிரின்சிபல் படித்தார்.

"வரலாறு அச்சா. ஹூக்காவை மட்டும் எடுத்துடுங்க." விரல் கீழே இறங்கி நின்றது. "இது என்ன? மேலே இருக்கிறவங்க பாப்பாங்க."

"அப்ப திறந்துடலாம் மேடம்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"நீங்க மாற்றல் கேட்டிருக்கீங்க. திறந்துவச்சிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் யார் பாத்துக்கிறது?"

அன்று வகுப்பில் ஒரே படத்தை இரண்டு முறை வரைந்து அழித்தேன். அவர் சொன்னது சரி என்பதுதான் கோபத்தைக் கிளப்பியது. மறுநாள் காலை முதல் வேலையாக சாவியைக் கேட்டு வாங்கினேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு நாளில் பெஞ்சுகளை வெளியேற்றினார்கள். ஊரிலிருந்து வந்த பிளம்பர் குழாயைத் தட்டிப் பார்த்தார், சுவருக்கு வெளியே போனார், திரும்பி வந்து சிரித்தார். வெளியே இருந்த வால்வை யாரோ எப்போதோ மூடியிருக்கிறார்கள். அவ்வளவுதான். செம்பழுப்பாக வந்த தண்ணீர் கால்மணியில் தெளிந்தது. ஒரு மைக்ராஸ்கோப்பில் கண்ணாடி உடைந்திருந்தது. இன்னொன்று நன்றாகவே இருந்தது.

தீதி வீட்டு வெங்காயத்தில் தோல் உரித்து ஸ்லைடு போட்டேன். பெண்கள் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். தீதி மணியடிக்க நேரம் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். கூப்பிட்டேன். துப்பட்டாவில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"எந்தக் கண்ணை மூடணும்?"

"எதுவானாலும் சரி."

வெகுநேரம் குனிந்திருந்தார். மணி பிந்தியது.

"செங்கல் சுவர் மாதிரி இருக்கு" என்று நிமிர்ந்தார். "இதுக்கா தொட விடல?"

ஹூக்கா இல்லாத வரலாற்றோடும், ஆய்வகம் உண்டு என்ற வரியோடும் பக்கம் இணையதளத்தில் ஏறியது. இரண்டு வாரத்தில் ஆர்டர் வந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் பள்ளி. வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனாலும் கணவரிடம் சொல்லும்போது குரலில் சந்தோஷம் வரவில்லை.

விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். பிரின்சிபல் என்னை ஒன்றும் குத்திக் காட்டவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

"லேப் மேடம்?"

"அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நான் எடுக்கறேன். நான் படிச்சது கெமிஸ்ட்ரிதான்."

எனக்கு அது தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.