ஏழாவது பத்தி

எனக்குப் பொறுமை கிடையாது. இது வீட்டிலும் தெரியும், வேலை பார்க்கும் இடத்திலும் தெரியும். செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததாலோ என்னவோ, ஒரு வேலை மெதுவாக நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில்தான் ஒரு சனிக்கிழமை, முகம் தெரியாத ஒரு அம்மாவின் கண்ணைத் தொலைக்கப் பார்த்தேன்.

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. நோயாளிகளின் பதிவுகள் கிடக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எதிர் மேசையில் முகாம் அக்கா. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துவது, புரை உள்ளவர்களை வேனில் அழைத்துவந்து ஆபரேஷன் முடித்து மறுநாள் வீட்டில் கொண்டுவிடுவது எல்லாம் அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போனில் பேசும்போது பக்கத்து அறையில் இருக்கும் டாக்டருக்குக்கூடப் புரை கரைந்துவிடும், அப்படி ஒரு குரல்.

அக்காவிடம் ஒரு ஷீட் இருந்தது. கம்ப்யூட்டரில் ஒன்பது வருடமாக ஒரே கோப்பு. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அதில் ஆளுக்கு ஒரு வரிசையாக இருப்பார்கள். மேலிருந்து கீழாக ஓடும் பத்திகள் ஏழு. முதல் ஆறில் பதிவு எண், வயதோடு பெயர், ஊர், போன், எந்தக் கண், டாக்டர் சொன்னது. இவை எல்லாம் என் டேட்டாபேஸிலேயே இருப்பவைதான். ஏழாவது பத்தி மட்டும் அக்காவின் சொந்தச் சரக்கு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் அதுவரை நின்று படித்ததே இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா என் திரையை எட்டி எட்டிப் பார்த்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒற்றை விரலால் புது ஆட்களை ஷீட்டில் தட்டுவார். ஒரு முழு நாள் போய்விடும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க மண்டை காயும்.

“அக்கா, நான் கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தாரேன். ஒரு தடவ அமுக்குனாப் போதும், எல்லாம் தானா வந்து உக்காந்துக்கிரும்.”

“புது ஷீட்டெல்லாம் எனக்கு வேணாத்தா. இந்தக் கலரு, கோடு எல்லாம் நான் பாத்துப் பாத்துப் போட்டது. இதுக்குள்ளயே வரும்னாச் சொல்லு.”

அங்கேதான் சிக்கல். டேட்டாபேஸிலிருந்து புதுக் கோப்பு ஒன்றை உருவி எடுப்பது சுலபம். ஏற்கெனவே இருக்கும் ஒருவருடைய ஷீட்டுக்குள் போய் எழுதுவது அடுத்தவர் அடுப்படியில் சமைப்பது போல. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையை வைக்கக்கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் கொட்டி, பத்து நாளில் எழுதி முடித்தேன். நிறம் மாறாமல், கோடு அழியாமல், முதல் ஆறு பத்திகளையும் டேட்டாபேஸிலிருந்து புதிதாக நிரப்பும்படி செய்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் டீ வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிறகு ஷீட்டைத் திறந்து காட்டினேன். அறுநூற்றுச் சொச்சம் பேர். டீயில் ஆடைகூடக் கட்டவில்லை. எழுதியவள் நான்தான், எப்படி நடக்கிறது என்று வரி வரியாகத் தெரியும், ஆனாலும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நர்ஸ்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இம்புட்டையும் நெசமாவே நீ அடிக்கலையா?”

“ஒரு எழுத்துகூட அடிக்கலக்கா.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டே போனார். நின்றார். மறுபடி மேலே போனார்.

“ஏத்தா, இவரு ரிட்டயர்டு வாத்தியாரு. இவரு எதுக்குப் பால் கறந்துட்டு வரணும்?”

குனிந்து பார்த்தேன். வாத்தியார் வரிசையின் ஏழாவது பத்தியில் ‘பால் கறந்த பிறகுதான் வருவார், போனும் அப்போதுதான் எடுப்பார்’ என்று இருந்தது. அதற்குக் கீழே இருபத்தெட்டு வயதுக்காரர் வரிசையில் ‘மாடிப்படி இறங்க ஆள் வேணும்’. அதற்கும் கீழே ஓர் ஆணின் பெயருக்கு நேராக ‘மருமகளிடம் சொல்லாதே, மகளிடம் சொல். அவள்தான் புடவை எடுத்து வைப்பாள்.’

நடந்தது உடனே புரிந்துவிட்டது. நான் ஆட்களைப் பதிவு எண் வரிசையில் கொண்டுவந்து நிரப்பியிருந்தேன். ஆறு பத்திகள் நகர்ந்துவிட்டன. அக்காவின் குறிப்புகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் அக்காமேல். “நம்பர் வரிசையிலதானக்கா எல்லாரும் வச்சிருப்பாங்க?”

“நான் வேன் போற வரிசையில வச்சிருந்தேன்த்தா.”

பழைய கோப்பைத் திறந்தால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். பழைய கோப்பே இதுதான். நகல் எடுத்து வைத்துவிட்டுக் கை வை என்பது இந்தத் தொழிலின் பால பாடம். ஊருக்கெல்லாம் அதைச் சொல்பவள் நான்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் ஷீட்டின் கடைசி வரைக்கும் போய் ஒரு குறிப்பைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘காப்புக்கு முன்னால் கண்டிப்பாக. ஒத்தைக் கண்.’

இரண்டு நாள் முன்பு, கூப்பிடுபவர் நம்பர் காட்டாத ஆபீஸ் லேண்ட்லைனில் வந்த அழைப்பு அது. ஒரு அம்மா. ஒரு கண் எப்போதோ போய்விட்டது. இருக்கிற கண்ணில் புரை முற்றி, இனிமேல் தள்ளினால் உள்ளே அழுத்தம் கூடி அதுவும் போய்விடும் என்று முகாமில் டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் ஊரில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கமாட்டார்கள். கண்ணே போகும் என்றாலும் தங்கமாட்டார்கள். திங்கட்கிழமை வேன் போனால் அன்றே ஆபரேஷன், செவ்வாய் காலை கட்டுப் பிரித்து, சாயங்காலத்துக்குள் வீடு. அக்கா அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு, ஷீட்டில் தேடி, எதிரே குறிப்பை அடித்துவிட்டு, அடுத்த போனை எடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு நாற்பது போன் பேசுகிறவர்.

“திங்கக்கெழம வேன் வரும்னு வாக்குக் குடுத்துட்டேன்த்தா. யாருக்குக் குடுத்தேன்னு தெரியலையே.”

 

கொஞ்ச நேரம் கழித்து அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “குறிப்பெல்லாம் பழைய வரிசையிலதான நிக்குது? அப்ப மேல இருந்து ஒண்ணொண்ணா வாசி. வேன்ல போற மாதிரி போவோம்.”

முதல் குறிப்பை வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“வேன் இப்ப அலங்காநல்லூர் ரோட்டுல திரும்பியிருச்சு. எடது கைப்பக்கம் மொத ஊரு. வேப்பமரத்து வீடு, அந்தப் பெரியவருதான். போடு.”

பெயரைச் சொல்வார். நான் எண்ணைத் தேடி, எட்டாவது பத்தியில் குறிப்புக்குப் பக்கத்திலேயே போடுவேன். வாசித்தேன், சொன்னார், போட்டேன். ‘பயம். முதலில் டீ வாங்கிக் கொடுக்கணும்.’ அது ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் அம்மா. ‘பின்பக்கம் போய்க் கூப்பிடணும், காது கேட்காது.’ அது கண்மாய்க்கரையில் வேன் ஏறி இறங்கியதும் வரும் கடைசி வீடு. ‘பேரன் பரீட்சை முடியணும்.’ ‘நாய்.’ வெறும் நாய் என்று மட்டும் எழுதியிருந்ததற்கும் ஆள் இருந்தது. பால் கறப்பவர் எந்த ஊர், எத்தனை மாடு என்பதுவரை சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் திணறினார். “ரோடு போடுறாங்கன்னு வேன் சுத்திப் போச்சு, அதான் மாத்தி வச்சேன்” என்று அவரே கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் குறிப்பு கிடையாது; நாலு மணிக்கு, இருந்த இருநூற்றெழுபத்தொரு குறிப்புக்கும் ஆள் கிடைத்திருந்தது. என் வீட்டுக்காரர் போன் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது. இந்த மனுஷியின் தலைக்குள் ஒரு ரோடும், ரோட்டோரம் இத்தனை வீடும், வீட்டுக்குள் யாருக்கு எதில் பயம் என்பதும் இருந்தது. காலையில் என் ஸ்கிரிப்டைப் பார்த்து எனக்கு வந்த ஆச்சரியம் இதன் பக்கத்தில் நிற்காது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிட்டிருந்தால் அக்கா திட்டியிருப்பார்.

ஆனால் அந்த ஒரு குறிப்பு மட்டும் நின்றுவிட்டது. புதிதாக முகாமிலிருந்து வந்தவர்களை அக்கா முதலில் ஷீட்டின் அடியில் சேர்த்துவைப்பார். வேன் ஒருமுறை போய்வந்த பிறகுதான் அவர்களுக்கு வரிசையில் இடம். இந்த அம்மா வீட்டுக்கு வேன் இன்னும் போகவே இல்லை. அக்கா கண்ணை மூடி மூடிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க கொஞ்சம் இருங்கக்கா. இத நான் டேட்டாபேஸ்ல கேட்டுப் பாக்குறேன்.”

டேட்டாபேஸில் அக்காவின் ஆறு பத்திகளுக்குள் வராத விவரம் நிறைய உண்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்ணின் பார்வையையும் அளந்து எழுதியிருப்பார்கள். தேடவேண்டியது இவ்வளவுதான்: கடைசி இரண்டு முகாம், ஒரு கண்ணில் பார்வையே இல்லை, மற்றதில் முற்றிய புரை, ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. நாலு வரி எழுதி ஓட்டினேன். இத்தனை வருடத்தில் எங்கள் வாசல் ஏறிய அத்தனை கண்களையும் ஒரு நொடியில் தடவிப் பார்த்துவிட்டு, மூன்றே மூன்று பெயரைக் கொண்டுவந்து வைத்தது. மூன்றும் பெண்கள். மூன்று ஊர்.

அக்கா போனை எடுத்தார். முதல் ஊரில் திருவிழா மாசியிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது ஊரில் இன்னும் தேதியே குறிக்கவில்லை. மூன்றாவது நம்பர் அணைந்து கிடந்தது. அது அலங்காநல்லூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஊர்.

“பால்காரரு அந்த ஊருதானக்கா?” என்றேன்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. “இப்பக் கறந்துக்கிட்டு இருப்பாரு. எடுக்கமாட்டாரு. அஞ்சு மணிக்கு அடிப்போம்.”

அந்த அரைமணி நேரமும் நான் மூன்றாவது நம்பரையே அடித்துக்கொண்டிருந்தேன்; அது அணைந்தே கிடந்தது. சரியாக ஐந்துக்கு அக்கா அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆமாக்கா, செவ்வாக்கெழம சாயங்காலம் காப்பு. அந்தம்மாதான? எங்க வீட்டுக்கு அடுத்த வீடுதான். நேத்தே பையக் கட்டி வச்சிருச்சு. திங்கக்கெழம வேன் வருது, வேன் வருதுன்னு தெருவுக்கே சொல்லிக்கிட்டு இருக்கு.”

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வெட்கமாக இல்லை.

திங்கட்கிழமை வேன் போனது. செவ்வாய்க்கிழமை காலை கட்டுப் பிரிக்கும்போது நான் வாசல் ஓரமாக நின்றேன். டாக்டர் பஞ்சை எடுத்துத் துடைத்ததும் அந்த அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் திறந்தார். எதிரே நின்ற அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“போன்ல பேசுனது நீதானா? வேன் வரும்னு சொன்ன, சொன்ன மாதிரி வந்துருச்சு. சரி, நான் போறேன். சாயங்காலம் காப்பு.”

அவ்வளவுதான். சொட்டு மருந்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வேனைத் தேடினார். தன் கண் அந்தச் சனிக்கிழமை எந்த நூலில் தொங்கியது என்று அவருக்குத் தெரியாது. நான் யார் என்றும் தெரியாது. என்னைத் தாண்டிப் போகும்போது, “வழியில நிக்காதத்தா” என்றார். நகர்ந்து நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை முதலில் நகல் எடுத்தேன். ஸ்கிரிப்டை மாற்றி எழுதியிருந்தேன். இப்போது அது வரிசைகளை எண்ணுவதில்லை, பதிவு எண்ணைப் பார்த்துத்தான் எழுதும். ஆள் எங்கே நகர்ந்தாலும் குறிப்பும் கூடவே நகரும். ஊர்களையும் வேன் போகும் வரிசையில் அக்கா சொல்லச் சொல்ல ஸ்கிரிப்டில் எழுதிச் சேர்த்திருந்தேன். ஆபரேஷன் முடிந்தவர்களும் ஒரு மாதம் கழித்துக் கண்ணைக் காட்ட வரும்வரை ஷீட்டில் இருப்பார்கள் என்பதால் அந்த அம்மாவும் இன்னும் இருந்தார். அவருடைய ஏழாவது பத்தியில் அக்கா தன் ஒற்றை விரலால் புதிதாக அடித்து வைத்திருந்தார்: ‘காப்புக்கு முன்னால் வீடு சேர்த்தாச்சு.’

ஓட்டினேன். நாற்பது புது ஆட்கள் ஷீட்டுக்குள் வந்து அங்கங்கே உட்கார்ந்தார்கள். எல்லா வரிசையும் கலைந்து நகர்ந்து அடங்கியது. அக்கா முதலில் அடிவரைக்கும் போய்ப் பார்த்தார். அந்த அம்மா அங்கே இல்லை. அக்கா மெல்ல மேலே ஏறி, அலங்காநல்லூர் ரோட்டைப் பிடித்து, கண்மாய்க்கரை தாண்டி உள்ளே போனார். பால்காரருக்கு அடுத்த வரிசையில் இருந்தார் அந்த அம்மா. அக்கா அவருடைய எண்ணில் விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஏழாவது பத்திக்கு வந்து அங்கே இருந்ததை வாய்விட்டு வாசித்தார்.

“வேன் போற வரிசைக்கு வந்துருச்சுல்ல” என்றார். “இனிமே எனக்கு மறக்காதுத்தா.”