தூக்கிடு என்ற சொல்லும் திலகவதி அக்காவும்

வக்கீல் திலகவதி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று திங்கட்கிழமை காலை கோர்ட் கேண்டீனில் சொன்னார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டுச் சாரம் பகுதியிலுள்ள அவர் வீட்டுக்கு ஓடினேன். மாலையில் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் எரித்துவிட்டுத் திரும்பினோம். அவரோடு வழக்காடிய உங்களுக்கெல்லாம் அவர் கன்னத்து வெட்டுத் தழும்பு தெரியும். அது விழுந்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

வீராம்பட்டினத்துப் படகுக்காரர் காசிலிங்கம். தன் படகில் வேலை செய்த ரவி குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போவதில் அவருக்குக் கோபம். படகைப் பார்த்துக்கொண்ட தம்பி மகன் தினேஷுக்குப் போனில் குரல் பதிவு அனுப்பினார்: "அவனத் தூக்கிடுறா. வேற ஆள போட்டுக்கலாம்."

வேலையைவிட்டு நிறுத்தத்தான் சொன்னார். தினேஷின் கூட்டாளிகள் பேச்சில் தூக்குவது என்றால் ஆளை முடிப்பது. ரவிமேல் அவனுக்கு ஏற்கெனவே பகை. விடிகாலையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ரவியை மணலில் தள்ளி வெட்டினார்கள். தடுத்த கை துண்டாகி வலைமேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கொலைக்குத் தூண்டியதாகக் காசிலிங்கமும் கூண்டில் நின்றார். அக்கா அவருக்காக வாதாடினார். காசிலிங்கத்தின் படகில் முன்பு வேலை செய்த ஒருவரைச் சாட்சிக்கு அழைத்தார்.

"உங்களையும் இவர் தூக்கினாரா?"

"தூக்கிட்டாருங்க."

"அப்புறம்?"

"வேற படகுக்கு வேலைக்குப் போயிட்டேன்."

தினேஷும் கூட்டாளிகளும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். காசிலிங்கம் விடுதலையானார்.

தீர்ப்பன்று கோர்ட் படிக்கட்டில் ரவியின் தம்பி மீன் வெட்டும் கத்தியோடு பாய்ந்து அக்கா முகத்தில் இழுத்தான். "அர்த்தம் சொல்லி அந்த ஆள வெளிய கொண்டாந்துட்ட. எங்கண்ணன் எந்த அர்த்தத்துல செத்தான்?"

நான் அவனைக் கீழே தள்ளி மிதித்தேன். விரலிடுக்கில் ரத்தம் வழிய அக்கா சொன்னார்: "அவன விடு. அவன் கேக்கறது நியாயம்."

பிறகு ஒருநாள் காசிலிங்கம் ஆபீசுக்கு வந்தார். "நான் கொன்னுட்டனாம்மா?"

"கொல்லல. ஆனா உங்க வார்த்தையிலதான் செத்தான். அவன் பொண்டாட்டி முன்னாடி போய் நில்லுங்க. அடிச்சா வாங்கிக்குங்க."

போனார். அந்தப் பெண் துடைப்பத்தாலும் செருப்பாலும் அடித்தாள். அவள் கை ஓய்ந்து உட்காரும்வரை அவர் நகரவில்லை.

அதற்குப் பின் அக்கா யாரிடம் எதைச் சொன்னாலும், "என்ன புரிஞ்சிது, நீ சொல்லு" என்று கேட்பார். வழக்கறிஞர்கள் சலித்துக்கொள்வோம். "வார்த்தை நம்மளுது, அர்த்தம் அவங்களுது" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இப்போது பதில் வரும்வரை நானும் போனை வைப்பதில்லை.