தையல் டீச்சரின் பிளாஸ்டிக் பை

அறுபதுகளில் ரெட்டியார்சத்திரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. எங்கள் பக்கம் அப்போது அது பெரிய அதிசயம். மழையில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் அவர் நனைவார், பைக்குள் இருக்கும் துணி நனையாது. என் பரீட்சைத் தாள்களோ ஊறிப்போகும். எனக்கு வயிறு எரியும்.

தினமும் மத்தியானம் அதைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயப்போடுவார். ஒருநாள் யாரும் இல்லாதபோது குண்டூசியால் நாலு இடத்தில் குத்திவிட்டேன்.

மறுநாளும் அதே பையோடு வந்தார்.

"ஊசியோட துணிய உள்ள வச்சிட்டேன் போல, டீச்சர். நாலு ஓட்ட! மெழுகுவத்தில காட்டி ஒட்டியிருக்கேன். எம்புத்தி அம்புட்டுத்தான்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். நான் குனிந்து பரீட்சைத் தாள் திருத்தினேன்.

இப்போது பிளாஸ்டிக்கைக் குறைக்க டெல்லியில் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். பேப்பரில் படித்துவிட்டு என் வீட்டுக் குப்பைக்கூடையைப் பார்த்தேன். இன்றைக்கு மட்டும் ஏழு பை.

தையல் டீச்சர் வேலையைவிட்டுப் போன நாளிலும் கையில் அந்த ஒட்டுப்போட்ட பைதான். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.